முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழில், மாற்றுத்திறனாளிகள் ஆடும் பந்து விளையாட்டான போச்சா போட்டியின் படம் வந்திருந்தது. நல்ல படம். கீழே ஒரு வரி: ‘ஆட்டத்தைக் கவனிக்காமல் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் உதவியாளர்’. படத்தில் இருப்பது நானில்லை. ஆனால் என் மகளோடு நானும் ஒன்பது வருடமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல, பிசி3 பிரிவில் ஆடுபவர்களால் பந்தைக் கையால் எறியவோ காலால் உதைக்கவோ முடியாது. ரேம்ப் எனும் சரிவுப் பாதையில் வைத்துத்தான் உருட்டி விடுவார்கள். அந்த ரேம்ப்பை நகர்த்தும் உதவியாளர் களத்தைப் பார்க்கவே கூடாது என்பது விதி. மகள் “இடது, இன்னும் கொஞ்சம்” என்பாள். நகர்த்துவேன். யோசனை சொல்லக் கூடாது, சைகையும் கூடாது. தலையில் மாட்டிய குச்சியால் அவள் பந்தைத் தள்ளுவாள். பந்து இறங்கும் சத்தம், அப்புறம் ஒரு ‘டப்’. எது எதன்மேல் பட்டது என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒருமுறை கைதட்டல் கேட்டு, என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். அதற்குத் தண்டனையாக எதிராளிக்கு ஒரு கூடுதல் பந்து (தண்டப் பந்து) கொடுத்தார்கள். அது நேராகப் போய் இலக்குக் கட்டத்துக்குள் நின்று புள்ளி ஆனது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கவனிக்காமல் உட்கார்ந்திருக்கிறோமாம்!

போன வருடம் ‘பந்து உருட்டி மகிழ்ந்தனர்’ என்று எழுதினீர்கள். மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை. இலக்கான வெள்ளைப் பந்துக்கு யார் பந்து நெருக்கமோ அவருக்குத்தான் புள்ளி. அதன் பக்கத்தில் எதிராளியின் பந்து ஒட்டி நிற்கும்போது, அந்த வெள்ளைப் பந்தையே தட்டித் தன் சிவப்புப் பந்துகள் பக்கம் கொண்டுபோய்விடுவாள். பந்தின் எடை சுமார் 275 கிராம், களத்தின் நீளம் 12.5 மீட்டர். எந்தக் கோணம், எவ்வளவு உயரம் என்று நொடியில் கணக்குப் போடுபவளுக்கு மகிழ நேரம் கிடைத்தால் சரி. அதற்கு முன்பு ஒரு செய்தியில் இது பவுலிங் ஆகியிருந்தது. இன்னொன்றில் ‘தங்கம் போச்சா?’ என்று சிலேடை. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கும் ஆட்டம் ஐயா இது.

இத்தனைக்கும் எதுவுமே விளையாட்டுப் பக்கத்தில் வரவில்லை. எல்லாம் ‘தன்னம்பிக்கை’ பகுதியில்தான். ஒருமுறை தங்கள் நிருபர் என்னிடம் எப்போதெல்லாம் அழுதேன் என்று அரை மணி நேரம் கேட்டார். ஸ்கோரைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன், அச்சில் வரவில்லை.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ‘கவனிக்காமல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘விதிப்படி’ என்று ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள். கூடவே அந்த ஆட்டத்தில் ஜெயித்தது சிவப்பா நீலமா என்பதையும் போட்டால் நல்லது. செய்தி முழுக்கத் தேடிவிட்டேன், எங்கும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு போச்சா வீராங்கனையின் தாய்