சம்பா அறுவடையும் அந்திப் புகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை, மாசி மாதங்களில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் பொழுது சாய்ந்தபின் சாலையில் போகிறவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். தென்னை உயரத்துக்குப் புகை ஏறி, அதற்கு மேல் போகாமல் பாய் விரித்தாற்போல் படுத்துக்கிடக்கும். அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலுக்கு வைத்த தீ அது. பஞ்சாபில் எரியும் பரப்போடு எங்கள் காவிரி டெல்டாவை ஒப்பிட முடியாதுதான். ஆனால் இங்கே வயலும் தெருவும் ஒட்டியே இருக்கின்றன.

பெரும்பாலும் மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் கொளுத்துகிறார்கள். பகல் வெயிலில் வைக்கோல் காய்ந்திருக்கும். காற்று அடங்கியிருப்பதால் பக்கத்து வயலில் நிற்கும் கதிருக்குத் தீ தாவாது. விவசாயியின் கணக்கு நியாயமானது. ஆனால் பனிக்காலத்தில், வானம் தெளிந்த இரவுகளில், தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்க, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். நண்பகலில் மேலே எழும்பிக் கலைந்துவிடக்கூடிய புகை, அந்தியில் கிளம்பினால் மறுநாள் வெயில் ஏறும்வரை ஊருக்குள்ளேயே நிற்கும். தீயைப் பரவவிடாத அதே அடங்கிய காற்றுதான் புகையையும் கலையவிடுவதில்லை.

ஓர் ஏக்கரில் 2 டன்னுக்குக் குறையாமல் வைக்கோல் கிடக்கும். ஒரு டன் எரிந்தால் 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள் மட்டும் சுமார் 5 முதல் 10 கிலோ வெளியாகும். நம் நாட்டில் இதற்கான 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அதாவது, ஒரே ஒரு கிலோ நுண்துகள் 40 ஏக்கர் பரப்பில் 100 மீட்டர் உயரம் வரை உள்ள காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். ஓர் ஏக்கர் வைக்கோல் என்ன செய்யும் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தீயைக் கண்டறியும் முக்கியமான செயற்கைக்கோள்கள் பகல் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும்தான் நம்மைக் கடக்கின்றன. மாலை ஆறுக்குப் பற்றி எட்டுக்கு அணைந்த தீ அவற்றின் கண்ணில் படாது. எனவே அவை காட்டும் தீ எண்ணிக்கையைக் கொண்டு ‘இங்கே எரிப்பு குறைவு’ என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

சாம்பல் உரம்தானே என்பார்கள். அது பாதி உண்மை. சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி சாம்பலில் தங்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து உண்டு.

வைக்கோலுக்கு ஆள் இல்லாமல் இல்லை. மாடு வளர்ப்போரும் காளான் வளர்ப்போரும் கேட்கிறார்கள். சிக்கல், வைக்கோலைக் கட்டும் இயந்திரம் வந்து சேரும் நாளில் இருக்கிறது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடிக்காவிட்டால் களிமண் வயலில் அறுவடை வண்டியே புதையும். பின்னால் டிராக்டர் எப்படி இறங்கும்? செயின் வண்டி (சங்கிலிப் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) திரும்பும்போது, கொட்டிய வைக்கோல் வரிசை மேலேயே ஏறிச் சேற்றில் அழுத்திவிட்டால், கட்டும் இயந்திரத்தின் பற்கள் அதை வாரி எடுக்காது. காலைப் பனி ஈரத்தோடு ஓட்டினால் உருளைக்குள் சுற்றிக்கொண்டு அடைக்கும். தப்பிக் கட்டாகி வந்தாலும் உள்ளே பூசணம் பிடித்து மாட்டுக்கு ஆகாது. வெயில் ஏறிய பிறகு, பத்து பதினோரு மணிக்கு மேல் ஓட்டுவதே சரி. இடையில் ஒரு மழை விழுந்தால் வைக்கோல் கறுத்துவிடும், வாங்க வந்தவர் திரும்பிப் போவார். பிறகு மிஞ்சுவது தீப்பெட்டிதான். ஆகவே அறுத்த மூன்று நான்கு நாளுக்குள் கட்டியாக வேண்டும்.

குறுவை அறுத்து, அடுத்த பயிரான தாளடியை நடும்போது வைக்கோல் காயக் காத்திருக்க அவகாசம் கிடையாது. அங்கே அடித்தாளை, அதாவது அறுத்தபின் வயலில் நிற்கும் அடிக்கட்டையை, மடக்கி உழுவதே வழி. தாள் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இளம் நாற்று வெளுக்கும். அதை ஈடுகட்ட முதல் சேற்றுழவின்போதே எக்டேருக்கு 22 கிலோ, அதாவது ஏக்கருக்கு 9 கிலோ யூரியா இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நடவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அவசரப்பட்டு உடனே நட்டால், தேங்கிய நீரில் அழுகும் தாளிலிருந்து வரும் அமிலங்கள் வேரைக் கெடுக்கும்.

கொள்முதல் நிலையத் தூசியையும் சொல்லியாக வேண்டும். தூற்றும் இயந்திரத்திலிருந்து பறக்கும் பதரும் நெல் சுணையும் முதலில் போவது தொழிலாளர்களின் மூச்சுக்குள். இயந்திரத்தின் வாயைக் காற்று போகும் திசை பார்த்துத் திருப்பி வைத்து, அந்தப் பக்கம் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும், முகக்கவசம் தரவும் பெரிய செலவு ஆகாது.

வேளாண் பொறியியல் துறைக்கு எங்கள் கோரிக்கை இது: அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பதிவு செய்யும்போதே வைக்கோல் கட்டும் இயந்திரத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வழி வேண்டும். எந்த ஊருக்கு எந்த நாளில் வரும் என்ற பட்டியலைத் தைப் பொங்கலுக்கு முன்பே ஊராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும். வாய்க்காலின் கடைமடை ஊர்களில் வயல் காயத் தாமதமாகும் என்பதால் அந்தப் பட்டியலில் அவற்றுக்குக் கடைசி நாட்களை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெல் விவசாயிகள் சிலர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.