கண் பாப்பா விரிஞ்சாதான் விஷமா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உடல்நலப் பக்கத்துல "விஷம் ஏறினா கண் பாப்பா விரியும், விரியலன்னா பயப்பட வேணாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எழுதினது யாருன்னு பேர் கூட இல்ல. நான் அரசு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ, அதைப் படிச்சதும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

பயந்த மாதிரியே ஆச்சு. இங்க பள்ளிகொண்டாவுல எங்க தெருக்காரர் நெல்லுக்கு மருந்து அடிச்சிட்டு வந்தார், ஸ்பிரேயர் ஒழுகி முதுகெல்லாம் சட்டை ஊறிப்போய், மாஸ்க் கிடையாது கிளவுஸ் கிடையாது. வாயில எச்சி வடியுது, வேர்த்துக் கொட்டுது, தொடைச் சதை தானா துடிக்குது, கண்ணைப் பார்த்தா பாப்பா ரெண்டும் குண்டூசி முனை மாதிரி சுருங்கிக் கிடக்குது. 108-ஐ கூப்பிடுங்கன்னு நான் கத்தறேன், அவர் சம்சாரம் "இன்னாக்கா நீ, பேப்பர்லயே போட்டுக்கிறான், கண்ணு பெருசானாத்தான் விஷமாம், இது வெயில் மயக்கம்"னு மோர் கரைக்கப் போறாங்க. சண்டை போட்டுத்தான் வண்டியில ஏத்தினோம். பிழைச்சிட்டார்.

உங்களுக்குத் தெரியாததில்ல, இந்த ஜில்லாவுல விவசாயிங்க கையில இருக்கிற பூச்சி மருந்துல நிறைய ஆர்கனோபாஸ்பரஸ் வகை. அது தோல் வழியாவே உள்ள போகும், போனா பாப்பா விரியாது, சுருங்கும். நெஞ்சுல சளி கட்டி மூச்சு நிக்கும். அதுக்கு ஆஸ்பத்திரியில அட்ரோபின் போடுவாங்க, அந்த ஊசி போட்டப்புறம்தான் பாப்பா விரியும். ஹெராயின், மார்பின் மாதிரி போதை அதிகமானாலும் சுருங்கித்தான் போகும், மூச்சு குறைஞ்சிக்கினே வரும். உங்க வரியை நம்பினா இவங்க எல்லாருக்கும் ஒண்ணுமில்லன்னு வீட்லயே படுக்க வெச்சிட வேண்டியதுதானா?

விரியறது எதுலன்னா ஊமத்தையில. அதுவும் உங்க புண்ணியம்தான். முன்ன ஒரு தடவை பாட்டி வைத்தியம்னு நாய்க்கடிக்கு ஊமத்தை இலைச் சாறு போட்டீங்களே, ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி சாறு குடிச்ச பையன் ஒருத்தனை நான் டியூட்டியில இருந்தப்ப தூக்கிக்கினு வந்தாங்க, உடம்பு நெருப்பா கொதிக்குது, நாக்கு காஞ்சு ஒட்டிக்கிச்சு, ஒண்ணுக்குப் போகல, பாப்பா கருப்பா விரிஞ்சு கண்ணு முழுக்க நிக்குது, காத்துல எதையோ பிடிச்சுப் பிடிச்சு இழுக்கறான். நாய்க்கடிக்கு ஊசிதான் வழின்னு அப்பவே உங்களுக்கு எழுதினேன், போடல.

இன்னொண்ணும் சொல்லணும். கட்டு விரியன் கடிச்சவங்களுக்கு பாப்பா விரிஞ்சு டார்ச் அடிச்சாலும் அசையாம நிக்கும், கை கால் அசையாது, பார்க்கிறவங்க உயிர் போயிடுச்சுன்னே நினைப்பாங்க. வெண்டிலேட்டர்ல வெச்சுக் காப்பாத்தினா எழுந்து நடந்து போவாங்க, நான் கண்ணால பார்த்திருக்கேன். ஒரு பொண்ணை அவ அப்பா வீட்டுக்குத் தூக்கிக்கினு போறேன்னு அடம் பிடிக்க, டாக்டர் விடவே இல்ல, அவ பிழைச்சா. கள்ளச்சாராயத்துல மெத்தனால் கலந்தா கண்ணு மங்கும், பாப்பா விரியும், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபது பேருக்கு மேல செத்தாங்க, அப்ப பக்கம் பக்கமா போட்டோ போட்டீங்க, கண்ணு மங்கினா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கன்னு ஒரு கட்டம் போட உங்களுக்கு இடம் இல்ல. ஆனா தற்கொலை செய்தியில மட்டும் எந்த மருந்து, எதுல கலந்து குடிச்சாங்கன்னு விலாவாரியா போடறீங்க, அதைப் படிக்கிற பிள்ளைங்களைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? வருஷக்கணக்கா உங்க பேப்பரை வாங்கறவ நான், கேக்க உரிமை இருக்குதுன்னு நினைக்கிறேன்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணுமில்ல. அந்த வரி தப்புன்னு அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல போடுங்க. பாப்பா விரிஞ்சாலும் சுருங்கினாலும் சாதாரணமா இருந்தாலும் சந்தேகம்னா 108-ஐ கூப்பிடுங்க, உப்புத்தண்ணியோ சாணித்தண்ணியோ ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, நனைஞ்ச துணியைக் கழட்டி சோப்பு போட்டுக் கழுவுங்க, மருந்து டப்பாவையும் கூடவே எடுத்துக்கினு போங்கன்னு எழுதுங்க. டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தோட இலவச நம்பர் 1800 116 117, அதையும் சேர்த்துப் போடுங்க. சம்பா நாத்து நட்டு மருந்து அடிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்தா நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
பள்ளிகொண்டா, வேலூர் மாவட்டம்.