ஆயுதத்துக்கு அவசர நிதி, மிதிவெடி அகற்ற மட்டும் தவணை நிதியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போரில் நிற்கும் நட்பு நாடுகளுக்கு அமெரிக்கா கொடுக்கும் அவசர உதவி பற்றி எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான செய்திதான். ஜனநாயகக் கட்சி கொடுக்கச் சொல்கிறது, குடியரசுக் கட்சி மறுக்கிறது, தொகை இத்தனை பில்லியன் டொலர். வன்னியில் இதைப் படிப்பவர்களும் அதை வைத்தே இரு பக்கமாகப் பிரிந்து வாதாடுகிறார்கள். நாங்கள் மிதிவெடி அகற்றும் பணியிலும் அந்தப் பணியின் திட்டக் கணக்குகளிலும் இருப்பவர்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை விளங்காது. எந்தச் செலவுத் தலைப்பில் எவ்வளவு, அது எவ்வளவு விரைவாகக் கைக்கு வருகிறது, எது முதலில் நிறுத்தப்படுகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

உக்ரைன், இஸ்ரேல், தாய்வான் ஆகியவற்றுக்கான 2024ஆம் ஆண்டு அவசர உதவிச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 ஒக்டோபரில் ஜனாதிபதி பைடன் ஏறத்தாழ 106 பில்லியன் டொலர் கேட்டார். மெக்சிக்கோ எல்லைக் காவலை இறுக்கினால்தான் உக்ரைனுக்குப் பணம் என்று குடியரசுக் கட்சியினர் நின்றார்கள். அந்தப் பேரம் 2024 பெப்ரவரியில் முறிந்தது. எல்லைப் பகுதியை வெட்டிவிட்டு செனட் 70-29 என்று நிறைவேற்றிய சட்டமூலத்தை, பிரதிநிதிகள் சபைச் சபாநாயகர் மைக் ஜோன்சன் இரண்டு மாதம் தொடவில்லை. ஏப்ரல் 20 அன்று அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வாக்கெடுப்புக்கு விட்டார். உக்ரைனுக்கு 311-112, இஸ்ரேலுக்கு 366-58, தாய்வானுக்கும் அந்தப் பிராந்தியத்துக்கும் 385-34. நான்கு நாளில் சட்டமாகியது. மொத்தம் 95 பில்லியன் டொலர். அதில் உக்ரைன் சார்ந்த பங்கு ஏறத்தாழ 61 பில்லியன்.

உக்ரைனுக்கு எதிரான 112 வாக்கும் குடியரசுக் கட்சியின் வாக்குகளே. அதே கட்சியில் 101 பேர் ஆதரித்தார்கள் என்பதும் உண்மை. 2022 மே மாதம் 40 பில்லியன் டொலர் கேட்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் 57 பேர் மட்டுமே. இஸ்ரேல் வாக்கெடுப்பில் நிலைமை தலைகீழ்: எதிர்த்த 58 பேரில் 37 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஆகவே ஒன்றைக் கொடுக்கும் கட்சி, மற்றதை மறுக்கும் கட்சி என்று எழுதுவது பிழை. யாருடைய போர், யாருக்கு எதிரான போர் என்பதைப் பொறுத்து அதே கைகள் இடம் மாறுகின்றன.

அடுத்தது ‘அவசரம்’ என்ற முத்திரை. எங்கள் பாராளுமன்றத்தில் குறைநிரப்புப் பிரேரணை வருவதுபோல அங்கும் இடை நடுவில் பணம் கேட்கலாம். ஆனால் அங்கே அந்த முத்திரைக்குத் தனிப் பலம் உண்டு. 2023இல் இரு கட்சியும் சேர்ந்து 2024, 2025 நிதியாண்டுகளின் செலவுக்கு உச்சவரம்பு போட்டன. அவசரம் என்று குறிக்கப்பட்ட தொகை அந்த வரம்புக்குள் எண்ணப்படவில்லை. வேறெந்தத் துறையையும் வெட்டாமலே கொடுக்க முடிந்தது. எதிர்ப்பவர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. அது வெறும் கஞ்சத்தனம் அல்ல, நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்கள் காட்டிய வழிதான் பிசகியது. 2023 நவம்பரில் பிரதிநிதிகள் சபை இஸ்ரேலுக்கு 14.3 பில்லியன் ஒதுக்கி, அதே தொகையை வரி அறவிடும் திணைக்களத்திலிருந்து வெட்டியது. வரி வசூல் குறைவதால் பத்து ஆண்டில் துண்டுவிழும் தொகை 12.5 பில்லியனால் கூடும் என்று காங்கிரஸின் சொந்த வரவு செலவு அலுவலகமே கணக்குக் காட்டியது. செனட் அதை எடுக்கவேயில்லை.

கொடுத்த பணம் போகிற வழியையும் பார்ப்போம். உக்ரைன் பங்கில் 23.2 பில்லியன், ஏற்கெனவே அனுப்பியதால் வெறுமையான அமெரிக்கக் களஞ்சியத்தை நிரப்ப. ஏறத்தாழ 14 பில்லியன், புதிதாகத் தொழிற்சாலையில் கட்டளை கொடுத்து வாங்க. இரண்டும் பெரும்பகுதி அமெரிக்காவுக்குள்ளேயே செலவாகிற பணம். உடனடியாகக் களத்துக்குப் போவது வேறொரு வழியால். 1961ஆம் ஆண்டு வெளிநாட்டு உதவிச் சட்டத்தின் 506ஆம் பிரிவின்படி ஜனாதிபதி கையொப்பமிட்டால் போதும். இராணுவக் களஞ்சியத்தில் இருப்பதை எடுத்து அனுப்பலாம். சாதாரண ஆண்டில் இதற்கு எல்லை 100 மில்லியன் டொலர். 2024 சட்டம் அந்த எல்லையை 7.8 பில்லியனாக உயர்த்தியது. களஞ்சியத்தில் இருந்த பொருள் நாள்களில் போகும். தொழிற்சாலைக் கட்டளைக்கு மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும். போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்கு உற்பத்தி செய்த 155 மி.மீ. ஆட்லறிச் செல் ஏறத்தாழ 14,000 மட்டுமே. அது எத்தனை நாளுக்குக் காணும் என்பதை வன்னி வாசகருக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இந்த வழியில் ஒரு கணக்குப் பிழையும் நடந்தது. பழைய ஆயுதத்துக்குத் தேய்மானம் கழித்த பெறுமதியைப் போடாமல், புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதைப் போட்டிருந்தார்கள். 2023 ஜூனில் பென்டகன் அதைத் திருத்தியபோது 6.2 பில்லியன் டொலர் ‘மிச்சம்’ வந்தது. கொடுத்ததாக எழுதப்பட்டது கொடுக்கப்படாத தொகை. ஆகவே ‘இத்தனை பில்லியன் உதவி’ என்ற தலைப்பைப் பார்த்தால், எந்த விலையில் கணக்கிட்டது என்று முதலில் கேட்க வேண்டும்.

இனி, பத்திரிகைகளில் ஒரு வரியும் வராத பகுதிக்கு வருகிறோம்.

2023 ஜூலையில் அமெரிக்கா உக்ரைனுக்குக் கொத்துக்குண்டு செல்களை அனுப்ப முடிவெடுத்தது. ஒரு வகைச் செல்லுக்குள் 72 சிறுகுண்டுகள் இருக்கும், இன்னொரு வகையில் 88. வெடிக்காமல் போவது 2.35 வீதத்துக்கு மேற்படாது என்றார்கள். அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஆயிரம் செல் அடித்தால் 72,000 சிறுகுண்டு. அதில் ஏறத்தாழ 1,700 வெடிக்காமல் மண்ணில் கிடக்கும். நனைந்த வயல், மரக்கிளை, மென்மணல், பழைய உருகி எல்லாம் இந்த வீதத்தைக் கூட்டும். பத்து வீதமானால் 7,200. அதே மாதம் பிரதிநிதிகள் சபையில் இந்த அனுப்புதலைத் தடுக்கும் திருத்தம் வந்தது. 147-276 என்று தோற்றது. ஆதரித்த 147 பேரும் ஒரே கட்சியினர் அல்ல. கட்சி வரிசை உடைந்த வாக்கெடுப்பு அது. ஒருவருக்கொருவர் எந்த விடயத்திலும் ஒத்துப்போகாதவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். எங்களுக்கு அந்த ஒரு வாக்கெடுப்பு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

2024 நவம்பரில் ஆளெதிர்ப்பு மிதிவெடிகளும் அனுமதிக்கப்பட்டன. மின்கலம் தீர்ந்ததும் தானாகச் செயலிழக்கும் வகை என்றார்கள். உருகி வேலை செய்யாது என்பது சரி. ஆனால் வெடிமருந்து மண்ணுக்குள்ளேயே இருக்கும். பின்னால் வருகிற பணியாளருக்கு எது செத்தது, எது உயிரோடிருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் உயிருள்ளதாகவே நடத்த வேண்டும்; நேரமும் செலவும் குறைவதில்லை. 2025இல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியன மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்ததும் இதே போக்கில்தான்.

அகற்றுவதற்கு எவ்வளவு? 2024 பெப்ரவரியில் வெளிவந்த உலக வங்கியின் கூட்டு மதிப்பீட்டின்படி உக்ரைன் மண்ணைத் துப்புரவாக்க 34.6 பில்லியன் டொலர் தேவை. இரண்டு மாதம் கழித்து வந்த அந்த 61 பில்லியன் சட்டத்தில், மிதிவெடி அகற்றலும் சேர்ந்த செலவுத் தலைப்புக்குப் போடப்பட்டது 100 மில்லியன். அந்தத் தலைப்புக்குள் பயங்கரவாதத் தடுப்பும் ஆயுதப் பரவல் தடுப்பும் அடங்கும். நூறு டொலரில் பதினாறு சதம் என்று சொன்னால் அளவு விளங்கும்.

அந்தச் சிறு தொகையும் நிலையாக நிற்பதில்லை. 2025 ஜனவரி 20 அன்று புதிய ஜனாதிபதி வெளிநாட்டு உதவியை 90 நாள் இடைநிறுத்தினார். நான்கு நாளில் இராஜாங்கத் திணைக்களம் அனுப்பிய அறிவுறுத்தலில் விதிவிலக்குப் பெற்றவற்றுள் முக்கியமானவை அவசர உணவு, இஸ்ரேலுக்கும் எகிப்துக்குமான இராணுவ நிதி. மிதிவெடி அகற்றலுக்கு விதிவிலக்கு இல்லை. அமெரிக்கப் பணத்தில் உலகெங்கும் நடந்த அகற்றல் பணிகளை நிறுத்தச் சொன்னார்கள். இலங்கையின் மிதிவெடி அகற்றலுக்கு நீண்டகாலமாகப் பெரும் பங்கு கொடுத்துவந்த நாடு அது. எந்தத் தலைப்பு அவசரம், எந்தத் தலைப்பு காத்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எங்களுக்குத் தெரியாது.

தொண்ணூறு நாள்தானே என்று நினைக்கலாம். எங்கள் மாவட்டத்தின் முகமாலை போன்ற இடத்தில் அது என்ன செய்யும் என்று சொல்கிறோம். அங்கே போரின் முன்னரங்கு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது. மண்ணில் செல் துண்டு, ரவை, முட்கம்பி எல்லாம் கலந்து கிடப்பதால் உலோகங்காட்டும் கருவி ஓயாமல் சத்தமிடும். புதைத்திருப்பதோ பிளாஸ்ரிக் உடல் கொண்ட, மிகச் சொற்ப உலோகமுள்ள பாகிஸ்தானிய பி4, சீன டைப் 72 வகைகள். கருவி காட்டும் இடத்தில் வெடி இல்லை, வெடி இருக்கும் இடத்தைக் கருவி காட்டாது. ஆகவே றேக் எனும் வாரியால் மண்ணை மெல்ல மெல்லப் பக்கவாட்டில் கிளறி வாரி, உரிய ஆழம் வரை முழுவதையும் எடுக்க வேண்டும். ஒருவருக்கு நாளுக்குச் சில சதுர மீற்றர்தான் நகரும்.

பாதியில் நிறுத்தினால் முதலில் போவது ஆட்கள். சம்பளம் இல்லாமல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். மேசன் வேலைக்கோ கொழும்புக்கோ போய்விடுவார்கள். திரும்பி வந்தாலும் காப்புறுதி, மருத்துவச் சான்று, மீள்பயிற்சி, தர மேற்பார்வையாளரின் அனுமதி எல்லாம் புதிதாக வேண்டும். மாரி வந்தால் வெட்டிய பற்றை மீண்டும் மூடும். எல்லை காட்டும் கட்டைகளை வெள்ளம் கொண்டுபோகும், சிலவேளை ஆட்களே பிடுங்கி விறகாக்குவார்கள். அகற்றிக்கொண்டு போகும் வரிசையின் எல்லை தெரியாவிட்டால் அதைப் பழைய இடத்திலிருந்து தொடர முடியாது. பாதுகாப்புக்காகப் பின்வாங்கி, முன்பு துப்புரவாக்கிய மண்ணையே திரும்பக் கிளற வேண்டும். பாதி முடிந்த காணியைப் பிரதேச செயலகம் ஊடாகச் சொந்தக்காரருக்குக் கையளிக்கவும் முடியாது. அதுவரை போன செலவால் ஒரு குடும்பமும் வீடு திரும்பாது.

நிபந்தனைகள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மனித உரிமையை மோசமாக மீறும் படைப்பிரிவுக்கு உதவி கூடாது என்ற லேகி சட்டமும், அமெரிக்க மனிதாபிமான உதவியை மறிக்கும் நாட்டுக்கு உதவி கூடாது என்ற 620I பிரிவும் அங்கே உண்டு. எங்கள் நாட்டுக்கே 2007 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் இராணுவ நிதியை மட்டுப்படுத்தியது. கடல், வான் கண்காணிப்புக்கும் தொடர்பாடலுக்குமான கருவிகளை மட்டும் விதிவிலக்காக விட்டது. மிதிவெடி அகற்றல் வேறு செலவுத் தலைப்பில் வருவதால் அந்தத் தடைக்குள் அகப்படவில்லை. கிபிர் போர் விமானமும் ஆட்லறியும் அதனால் நிற்கவில்லை, வேறு நாடுகள் விற்றன. ஆனால் அன்று ஆயுதத்தை மறித்து, அகற்றலைத் திறந்துவைத்தார்கள். 2025இல் அகற்றலை மறித்து ஆயுதத்தைத் திறந்துவைத்தார்கள். இதே காங்கிரஸால் முன்பு செய்ய முடிந்ததை இனியும் செய்ய முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

எங்கள் கோரிக்கை இது. எந்த நாட்டுக்கானாலும், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், வெடிபொருள் கொடுக்கும் அவசரச் சட்டத்துக்குள்ளேயே அகற்றும் செலவும் நிலையான விகிதத்தில் எழுதப்பட வேண்டும். அந்தப் பணம் நிதியாண்டு முடிவில் காலாவதியாகாமல், ‘செலவாகும் வரை செல்லுபடி’ என்ற வாசகத்தோடு இருக்க வேண்டும். அந்த வாசகம் அமெரிக்க ஒதுக்கீட்டுச் சட்டங்களில் வழக்கமாக வருவதுதான், புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இடைநிறுத்தல் உத்தரவு வந்தால், தொடங்கிய வரிசையை முடித்து மூடுவதற்கான காலத்துக்கும் பணத்துக்கும் அந்த உத்தரவிலிருந்து விதிவிலக்கு இருக்க வேண்டும்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலும் 2018 மார்ச்சில் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. கொத்துக்குண்டு ஒப்பந்தத்தின் 21ஆம் உறுப்புரை, சேராத நாடுகள் அவற்றைப் பயன்படுத்துவதைத் தடுக்க முயலும் கடமையை உறுப்பு நாடுகளுக்குக் கொடுக்கிறது. வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களும் கிளிநொச்சியைப் பிரதிநிதித்துவப்படுத்துபவர்களும், எந்தக் கட்சியானாலும் சரி, வெளிநாட்டு அமைச்சரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்தக் கடமையின் கீழ் இலங்கை இதுவரை யாரிடம், எப்போது, என்ன பேசியது? இலங்கையின் மிதிவெடி அகற்றலுக்கான ஒப்பந்தக் காலக்கெடு 2028 ஜூன் 1. வெளிநாட்டுப் பணம் மீண்டும் நின்றால் அதைப் பூர்த்திசெய்யத் திறைசேரி எந்தத் தலைப்பில் எவ்வளவு வைத்திருக்கிறது என்பதும் அதே கேள்வியோடு சேர வேண்டும். பதில் வந்தால் தயவுசெய்து முழுமையாகப் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
மிதிவெடி அகற்றல் பணியாளர்கள் சிலர்,
கிளிநொச்சி.