பயத்தை விட்டுவிடச் சொன்ன வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், ‘ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கரு தெரிந்துவிட்டால், குழாய் கர்ப்பமோ என்ற பயத்தை விட்டுவிடலாம்’ என்று படித்தேன். கர்ப்பப்பைக்குப் பதிலாகக் கருக்குழாயில் கரு வளர்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் தங்கையையும் இதையேதான் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐ.வி.எஃப். சிகிச்சையில், அதாவது கருவை உடலுக்கு வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் முறையில், அவளுக்கு இரண்டு கருக்களை வைத்திருந்தார்கள். ஒன்று கர்ப்பப்பையில் ஒழுங்காக வளர்ந்தது. இன்னொன்று கருக்குழாயில் வளர்ந்ததை யாரும் தேடவே இல்லை.

இயற்கையாகக் கருத்தரிப்பவர்களில் சுமார் 30,000 பேரில் ஒருவருக்குத்தான் இப்படி ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் கரு வளர நேரும் என்பார்கள். ஐ.வி.எஃப்.புக்குப் பிறகு அது பல மடங்கு அதிகம். உங்கள் மருத்துவருக்கு இது தெரியாமலா இருக்கும்? ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் நன்றாக ஏறுகிறது என்றும் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். உள்ளே ஒரு கரு நல்லபடியாக இருக்கும்போது அது ஏறாமல் என்ன செய்யும்!

தோள்பட்டை வலிக்கிறது என்றாள். சரியாகப் படுத்திருக்க மாட்டாய் என்றார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும் என்பது, அவள் மயங்கி விழுந்து, அவசரமாகக் குழாயை அகற்றிய பிறகுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு ஒரு கேள்வி பதிலில் குழாய் கர்ப்பத்தின் வளர்ச்சியை நிறுத்தப் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசி பற்றி ‘ஒரே ஊசியில் தீர்வு’ என்று தலைப்புப் போட்டீர்கள். ஊசி போட்ட 4ஆம் நாளும் 7ஆம் நாளும் ரத்தத்தில் எச்.சி.ஜி. பார்க்க வேண்டும், அது போதிய அளவு குறையாவிட்டால் மேற்கொண்டு சிகிச்சை வேண்டும், அதற்குள் குழாய் வெடிக்கவும் கூடும் என்பதற்கெல்லாம் அதில் ஒரு வரிகூட இல்லை. கர்ப்பப்பையில் நல்ல கரு இருப்பவருக்கு அந்த ஊசியே ஆகாது. அப்புறம் அந்த சிசேரியன் சிறப்பிதழ். தொப்பை குறைக்க இரண்டு பக்கம்! பழைய தழும்பிலேயே அடுத்த கரு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்போதும் எழுதினேன். இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும், புரிந்துகொள்கிறேன்.

தாங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போதும்: கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தோள் வலி, தலைசுற்றல், மயக்கம் இருந்தால், முந்தைய ஸ்கேன் நன்றாக இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐ.வி.எஃப். என்றால் இரண்டு குழாய்களையும் பார்த்தீர்களா என்று ஸ்கேன் செய்பவரிடம் கேளுங்கள். இதற்கும் இடமில்லை என்றால், பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு சிரிக்கும் கர்ப்பிணியின் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி