தக்காளியில் தடவும் மருந்து வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், சுண்டெலித் தொல்லை தீர எலி பேஸ்டைத் தக்காளித் துண்டில் தடவி அடுப்படியில் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்தக் குறிப்பைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

போன தீபாவளிக்கு மகள் குழந்தையோடு வந்திருந்தாள். பத்து மாதம், தவழ்கிற வயசு. ஃப்ரிட்ஜுக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். முந்தின வாரம் என் கணவர் வைத்துவிட்டு மறந்துபோன தக்காளித் துண்டு. காய்ந்து சுருங்கிக் கிடந்தது. மேலே பேஸ்ட் அப்படியே ஒட்டியிருந்தது. கையைத் தட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உதட்டில்கூடப் படவில்லை என்று நான் அடித்துச் சொல்லியும் டாக்டர் விடவில்லை. அட்மிட் செய்து, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பேஸ்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். உள்ளே போனால் முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு ஓரிரு நாள் ஆள் தெளிந்ததுபோலத் தெரியும். அதற்கப்புறம் கல்லீரல் பழுதாகத் தொடங்கும், முறிவு மருந்தும் கிடையாது என்றார். 'வாந்தி நின்றுவிட்டது, சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு மறுபடி தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டாம். எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் பட்ட பாட்டை நான் சொல்லி முடியாது.

இந்த பேஸ்டுக்குத் தமிழ்நாட்டில் அரசு தடையே போட்டிருக்கிறது. அப்படியிருக்க, அதை வைக்கச் சொல்லி ஒரு பத்திரிகையில் வரலாமா? வேறு மருந்துகளையும் லேசாக நினைக்க முடியாது. 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியிலேயே இரண்டு குழந்தைகள் போய்விட்டன. ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய குடும்பம். கேக் மாதிரி விற்கும் மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்து எலியை மெதுவாகக் கொல்லும். அது பரணிலோ சுவர் இடுக்கிலோ செத்து நாறும். அந்த எலியைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் ஆபத்து.

நான் சத்துணவு மையத்தில் 28 ஆண்டுகள் அமைப்பாளராக இருந்தவள். மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும் அறையில் ஒருநாளும் மருந்து வைத்ததில்லை, பிள்ளைகள் சாப்பிடுகிற இடம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குவோம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் பின்னால் போய்ப் பார்க்கலாம், எலிக்கு ஒளிய இடம் இராது. பருப்புக்கு மூடி போட்ட தகர டின். வேலையில் இவ்வளவு கவனமாக இருந்த நான் என் வீட்டில் மருந்து வைக்க விட்டேனே என்று இன்னும் மனசு ஆறவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி அடுப்படித் தரையில் கோலப்பொடியைச் சலித்துத் தூவிவிட்டு விளக்கை அணைத்தோம். காலையில் பார்த்தால் கடுகு கடுகாகக் கால்தடம், நடுவே வால் இழுத்த கோடு, சுவரை ஒட்டியே போய் சிங்க்குக்கு அடியில் முடிந்தது. தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் சுண்டு விரல் அளவுக்குச் சந்து. சுண்டெலிக்குப் பென்சில் பருமன் ஓட்டை போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசினோம். வெறும் துணியோ காகிதமோ அடைத்தால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். பின்கட்டுக் கதவுக்கு அடியில் தகடு அடித்தோம்.

உள்ளே இருந்தவற்றுக்குக் கூண்டுப் பொறி. கால்தடம் போன வழியிலேயே, சுவரை ஒட்டி வைத்தோம். மசால் வடையைவிட, சுட்ட தேங்காய்ச் சில்லுக்குத்தான் சீக்கிரம் வந்தது. ஆறு ராத்திரியில் ஏழு எலி. விடிந்ததும் என் கணவர் பாமணி ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டார். பசை அட்டை வாங்காதீர்கள். பக்கத்து வீட்டில் அதில் ஒட்டிய எலி, தோல் உரிந்து விடியும்வரை கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர் யாரும் மறுபடி வாங்கமாட்டார்கள்.

புழுக்கையை மட்டும் காய்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசி மூக்கில் ஏறும். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்க வேண்டும்.

அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேரோ. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'எலி பேஸ்ட் வைக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
மன்னார்குடி