குதிரையோடு ஒரு மாதம்

ஆசிரியருக்கு,

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தை பற்றிய செய்தியைப் படித்தேன். மார்வாரி, கத்தியவாரி என்று குதிரைகள் வந்து இறங்குவதைப் படிக்க மகிழ்ச்சிதான். ஆனால், அவற்றுக்கு வைத்தியம் பார்க்கக் கற்றவர்கள் எத்தனை பேர்? ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பில் கடைசி ஓராண்டு கட்டாயப் பயிற்சிக் காலம். நான் படித்தபோது அதில் மாடு, ஆடு, நாய், கோழி எல்லாம் பார்த்தேன். குதிரையோடு கழித்தது சில நாட்களே. வேலைக்கு வந்த பிறகு ஒரு நள்ளிரவில், வயிற்றுவலியால் முன்காலால் தரையைச் சுரண்டி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்த குதிரை முன் நின்றேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. மூக்கு வழியே குழாய் செலுத்தித்தான் இரைப்பையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பாடம் மனப்பாடமாகத் தெரியும், கைக்குப் பழக்கமில்லை. அன்று குதிரையைப் பிடித்திருந்த முதிய பராமரிப்பாளர் தலையை எப்படித் தாழ்த்த வேண்டும் என்று காட்டியிராவிட்டால் அது பிழைத்திருக்காது.

எனவே, குதிரைத் துறையை விரும்பும் மாணவர்களைப் பயிற்சி ஆண்டில் ஒரு மாதமாவது உதவித்தொகையுடன் லாயத்திலோ இனப்பெருக்கப் பண்ணையிலோ தங்கவைக்க வேண்டும். லாடம் அடிப்பவரிடமும் பராமரிப்பாளரிடமும் பாடம் கேட்க வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கும் சிலரை அனுப்பலாம். அப்புறம், அடுத்த ஆடியில் அந்தியூர்ச் சந்தையிலேயே பயிற்சி மாணவர்களைக் கொண்டு ஒரு மருத்துவ முகாம் நடத்தக் கால்நடைப் பல்கலைக்கழகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர், ஈரோடு