எஸ்.ஜி.பி.டி. கூடினால் கல்லீரல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தால் கல்லீரல் கோளாறு என்றே மருத்துவப் பக்கங்களில் எழுதுகிறார்கள். இந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும். கல்லீரல் பரிசோதனையின் மற்ற அளவுகளான பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் சரியாக இருந்து இவை மட்டும் கூடியிருந்தால், தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. என்சைமை உடனே பார்க்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அதைச் செய்யாததால் கல்லீரல் மாத்திரை, பத்தியம் என்று வருடக்கணக்கில் அலைபவர்களில் டிஸ்ஃபெர்லின் குறைபாடு என்னும் பரம்பரைத் தசைச்சிதைவு நோய் உள்ளவர்களும் உண்டு.

தசையணுவின் மேலுறையில் விழும் கிழிசலை அடைக்க உதவும் புரதம் டிஸ்ஃபெர்லின். அது இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுவாக்கில் ஆடுசதை இளைக்கத் தொடங்கும். அதுவரை நன்றாக ஓடி விளையாடியவர், நுனிக்காலில் எம்பிப் பரணில் உள்ளதை எடுக்க முடியாமல் நிற்பார். 200 சொச்சத்துக்குள் இருக்க வேண்டிய சி.பி.கே. பல ஆயிரத்தைத் தொடும்.

இரண்டாவது தவறு இங்கேதான் நடக்கிறது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் அழற்சி அணுக்கள் தெரிந்ததும், பாலிமயோசைடிஸ் என்னும் தசை அழற்சி நோய் என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு தொடங்கிவிடுகிறார்கள். பாலிமயோசைடிஸ் முதலில் தொடை, தோள் தசைகளைப் பிடிக்கும், ஆடுசதையை அல்ல. அந்த நோயில் ஸ்டீராய்டு கொடுத்தால் அநேகருக்குப் பலம் திரும்பும். டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் திரும்பாது. ஜெர்மனியில் இவர்களுக்கு டெஃப்லசகார்ட் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்விலும் பலனில்லை. பலம் குறையும் போக்குதான் தெரிந்தது. மிஞ்சுவது சர்க்கரையும், எலும்புத் தேய்வும், தளர்ந்த கால் தாங்க முடியாத எடையும். ஆனாலும் மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர்களுக்கு உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. நரம்பியல் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை கேளுங்கள்.

குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அதற்காக நோயின் பெயர் எதுவானால் என்ன என்று விட்டுவிட முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் தசைச்சிதைவு நோய் இருக்கிறது, பாலிமயோசைடிஸ் இல்லை. டிஸ்ஃபெர்லின் குறைபாடு தாய், தந்தை இருவர் வழியாகவும் வருவது என்பதால், சொந்தத்தில் சம்பந்தம் பேசும் குடும்பங்களுக்கும் அந்த மரபணுப் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

பேருந்திலும் மண்டபத்திலும் உதவ வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுந்திருக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தொடையில் கையூன்றி, முழங்காலைப் பூட்டி எழுபவரை இழுத்தால் முழங்கால் மடங்கி விழுந்துவிடுவார். பக்கத்தில் நின்று தோள் கொடுத்தால் போதும். வீட்டில் எழுவது எளிதாக, நாற்காலிக் கால்களுக்கு அடியில் நான்கு அங்குல மரக்கட்டை வையுங்கள். நழுவாதபடி கட்டையில் குழி வெட்டிக் காலை அதில் இறக்க வேண்டும்.

தசைச்சிதைவு நோயாளர் குடும்பத்தினர் சிலர்,
திருச்சி.